தொட்டியில் இறங்காதவர்

என் அப்பா உயிரோடு வீடு திரும்பியதை எங்கள் தெரு இன்றுவரை மன்னிக்கவில்லை. அம்மாவும் மன்னிக்கவில்லை. நான் மன்னித்தேனா என்று கேட்டால், கேட்கும் நாளைப் பொறுத்து என் பதில் மாறும்.

அவர் நல்லவர் என்று நிரூபிக்க இதை எழுதவில்லை. அவரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்வது கஷ்டம். கவுன்சிலர் எங்கள் தெருவுக்குள் வந்தால், வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு எழுந்து நிற்பார்கள். அப்பா மட்டும் உட்கார்ந்தபடியே பீடியை இழுப்பார். ஒரு வருஷம் தெருவிளக்கு எல்லாம் மாற்றினார்கள். எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்ததை மட்டும் மாற்றவில்லை. அம்மா கவுன்சிலர் வீட்டுப் பின்வாசலில் போய் நின்று, "அவருக்குப் பேசத் தெரியாதுங்க, மனசுல ஒண்ணும் கெடையாதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்பா செய்ததற்கெல்லாம் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்பதுதான் அம்மாவின் வாழ்க்கை.

நான் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. தலைமை ஆசிரியை உட்கார்ந்திருக்க, பெற்றோர்கள் சுவரோரம் நின்றார்கள். அப்பா மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து அந்த அம்மா என்னைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றிவிட்டார். "இனிமே நீ ஸ்கூலுக்கு வராதப்பா" என்றேன். அவர் வரவில்லை. அதற்காக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

அம்மாவுக்கு ஒரு தம்பி. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, அதே தெருவில்தான் மாமாவின் வீடு. மாமாவைப் பிடிக்காதவர்கள் ஆம்பூரிலேயே இருந்திருக்க மாட்டார்கள். யார் எதைச் சொன்னாலும் "அதுக்கின்னா, செஞ்சிடலாம்" என்பார். அவருடைய கல்யாணத்தில் ஊர்ப் பெரியவர் காலில் உறவுக்காரர்கள் எல்லோரும் வரிசையாக விழுந்தார்கள். அப்பா விழவில்லை. பந்தலே பார்த்துக்கொண்டிருந்தது. மாலையும் கழுத்துமாக நின்ற மாமாதான் சிரித்துக்கொண்டே, "மாமாவுக்கு முட்டி வலிங்க, குனிய முடியாது" என்று சமாளித்தார். அப்பா உடனே, "முட்டிக்கு ஒண்ணும் ஆவல" என்றார். அத்தைக்கு அப்போது தாலிகூடக் கட்டியிருக்கவில்லை. புகுந்த வீட்டில் தனக்கு வாய்க்கப்போகும் அண்ணன் எப்படிப்பட்டவர் என்று அவள் அந்த மணவறையிலேயே தெரிந்துகொண்டாள்.

அப்பாவும் மாமாவும் பாலாற்றோரம் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலை பார்த்தார்கள். எதிர்வீட்டு அண்ணன் தம்பி இருவரும் அங்கேதான். தம்பிக்குக் கல்யாணமாகி ரொம்ப நாள் ஆகவில்லை. காலையில் நால்வரும் ஒன்றாகத்தான் சைக்கிளில் கிளம்புவார்கள். அம்மா ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தாள். நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன்.

அன்று நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அப்பா சொன்னதையும் எதிர்வீட்டு அண்ணன் சொன்னதையும் பல முறை கேட்டிருக்கிறேன். ஒரு இடத்தைத் தவிர இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அந்த ஒரு இடத்தைப் பிறகு சொல்கிறேன்.

தோல் கழுவிய தண்ணீர் எல்லாம் ஷாப்பின் பின்பக்கம் இருந்த மூடிய தொட்டியில் வந்து சேரும். அங்கிருந்து மோட்டார் அதைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளும். அன்று காலை மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை. தோலிலிருந்து சுரண்டிய மயிரும் சதையும் போய்க் குழாய் வாயை அடைத்திருக்கும். மூடியைத் திறந்துவைத்து, மேஸ்திரி பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். எதிரே இவர்கள் நால்வரும் நின்றார்கள்.

மேஸ்திரி அப்பாவைப் பார்த்தார். செருப்புப் போட்ட வலது காலை நீட்டி, கால் கட்டைவிரலால் தொட்டியைக் காட்டினார்.

"மாட்டேன்" என்றார் அப்பா.

"இன்னாது?"

"எறங்க மாட்டேன்."

மேஸ்திரி கத்தவில்லை. டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு திரும்பி மாமாவைப் பார்த்தார்.

எப்போதும் போல மாமாதான் சண்டையை முடித்துவைத்தார். "வுடுங்க மேஸ்திரி, அதுக்கின்னா, நான் பாத்துக்கறேன். மாமா, நீ போயி டீ குடி, போ." செருப்பைத் தொட்டியோரம் கழற்றிவிட்டு, இரும்புப் படியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பாதிப் படியில் அவர் கை தானாக விட்டது. யாரோ விரல்களைப் பிரித்துவிட்டது போல இருந்தது என்று அப்பா சொல்வார். கூப்பிடவில்லை, அலறவில்லை. சேற்றில் விழுந்த சத்தம் மட்டும்தான்.

"அண்ணா!" என்று மாமாவைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டு எதிர்வீட்டுத் தம்பி பின்னாலேயே இறங்கினான். அவனும் மேலே வரவில்லை. தம்பி விழுந்ததும் அவனுடைய அண்ணன் ஓடினார். அப்பா அவரை இடுப்போடு பிடித்துத் தரையில் அடித்தார். நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவர் அப்பாவின் கையைக் கடித்தார். சதை பிய்ந்து வந்தது. அப்பா அவர் வாயிலேயே குத்தினார். பல் உடைந்தது. "உள்ள என் தம்பிடா, உள்ள என் தம்பிடா" என்று அவர் ரத்தத்தோடு கத்தக் கத்த, அப்பா இறங்கவே இல்லை. தீயணைப்பு வண்டி வரும்வரை அப்படியே அவர் மேல் உட்கார்ந்திருந்தார்.

மாமாவையும் தம்பியையும் கயிறு கட்டித் தூக்கினார்கள். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது பிரேதப் பரிசோதனைக்குத்தான்.

அப்பா மாமாவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஏன் எடுத்து வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. நான் பள்ளியிலிருந்து ஓடி வந்தபோது, தெரு முழுக்க ஜனம். எங்கள் வாசலில் அப்பா அந்தச் செருப்போடு நின்றிருந்தார். கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் அவர் பக்கத்தில் போகவில்லை. அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் எதிரே நின்றாள்.

"எங்கேண்ணா அவரு?"

அப்பா கையிலிருந்த செருப்பைப் பார்த்தார்.

"உன்னத்தான எறங்கச் சொன்னாங்க? ஷாப்புல எல்லாரும் சொல்றாங்க. உன்னத்தானண்ணா சொன்னாங்க?"

"ஆமா" என்றார்.

அத்தை அந்தச் செருப்பைப் பிடுங்கி அவர் முகத்தில் அடித்தாள். அறுந்து போகும்வரை அடித்தாள். அப்பா கையைத் தூக்கவில்லை. நகரவும் இல்லை. தடுக்க வேண்டியது அம்மாதான். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். அம்மா திண்டாடிப் போய் நிற்பாள் என்று நினைத்தேன். அவள் தெளிவாக இருந்தாள்.

"இன்னும் அடி" என்றாள்.

மறுநாள் சவ ஊர்வலத்தில் அப்பா பாடைக்குத் தோள் கொடுக்கப் போனார். மச்சான் முறைக்காரர் அவர். எதிர்வீட்டு அண்ணன், வீங்கிய வாயோடு, அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். அப்பா மறுபடியும் போனார். மறுபடியும் தள்ளினார்கள். இந்த முறை நாலைந்து பேர். சாக்கடையில் விழுந்து எழுந்து, ஈர லுங்கியோடு சுடுகாடுவரை பின்னாலேயே நடந்தார். எங்கள் தெருப் பிள்ளைகள் அவர் மேல் சின்னச் சின்னக் கல்லாக எறிந்துகொண்டே வந்தார்கள். பெரியவர்கள் யாரும் அதட்டவில்லை.

அதன் பிறகு எங்களை யாரும் ஊரை விட்டுத் தள்ளிவைக்கவில்லை. அப்படிச் செய்தால் அது கேஸாகும் என்று எல்லோருக்கும் தெரியும். பேசுவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். குழாயடிக்கு நான் குடத்தோடு போனால் பேச்சு நிற்கும். நான் பிடித்து முடித்துத் திரும்பியதும் பேச்சு தொடங்கும். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருபவர்கள் எங்கள் இடது பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, நேராக வலது பக்கத்து வீட்டுக்குப் போவார்கள். கடைக்காரர் பொருளைக் கொடுப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். எதிர்வீட்டு அண்ணன் தினமும் காலையில் பல் துலக்கிவிட்டு எங்கள் வாசல் பார்த்துத்தான் துப்புவார்.

அவருடைய உயிரைக் காப்பாற்றியது அப்பாதான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அவர் இறங்கிச் செத்திருந்தால் தம்பிக்காக உயிரைக் கொடுத்த அண்ணன். இப்போது தம்பி சாகும்போது கீழே மல்லாந்து கிடந்த அண்ணன். தெருவுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான். அங்கே பாதி ஆண்கள் அந்த மாதிரித் தொட்டிகளில் ஒருமுறையாவது இறங்கியவர்கள். இறங்கித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை என்று பெண்டாட்டியிடமும் தங்களிடமும் சொல்லி வாழ்ந்தவர்கள். அப்பா மாட்டேன் என்று சொல்லிவிட்டு உயிரோடு நடமாடினால், அவர்கள் சொன்னதெல்லாம் என்ன ஆவது? செத்தவர்களுக்காக மட்டும் அவர்கள் அவரை வெறுக்கவில்லை.

இதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. அப்போது நானும் அவரை வெறுத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து மேஸ்திரியே எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு பை நிறைய ஆப்பிள், ஹார்லிக்ஸ். இரண்டு சாவுக்காகக் கைதாகி ஜாமீனில் வந்திருந்தார். அதுவரை அப்பாவை "டேய்" என்று கூப்பிட்டவர், "அண்ணே" என்றார்.

"மொதலாளி சொல்லி அனுப்சாருண்ணே. நீ வேலைக்கு வந்துடு. இனிமே சேத்துல நிக்க வேணாம். ஸ்டோர்ல ஒக்காந்து பாத்துக்க."

அப்பா அவரை முழுதாகப் பேசவிட்டார். பிறகு, "ஆப்பிள எடுத்துக்கினு வெளிய போ" என்றார்.

மேஸ்திரிக்குக் கோபம் வரவில்லை. "உன்ன நான் அடிச்சேனாண்ணே? வேலய வுட்டுத் தூக்குனேனா? நீ மாட்டேன்ன. நான் கம்முனு இருந்தேன். அத மட்டும் கோர்ட்ல சொல்லு. பொய் ஒண்ணும் சொல்ல வேணாம்."

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அவர்களுக்கு அப்பா உயிரோடு இருப்பது தேவைப்பட்டது. மாட்டேன் என்ற ஒருவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே இறங்கியவர்கள் இஷ்டப்பட்டு இறங்கினார்கள். அவர்கள் பக்கத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா?

எங்கள் பக்கம் என்று ஒன்று இருந்தது. அத்தை, எதிர்வீட்டு அண்ணன், அவர்களுக்காக அலைந்த ஒரு யூனியன்காரர். வழக்கு விசாரணை நெருங்கியபோது, பேசாத தெரு முதல்முறையாக எங்கள் வீட்டுக்குள் வந்தது. யூனியன்காரர் பாயில் உட்கார்ந்தார். அண்ணன் வாசற்படியில் நின்றார். உள்ளே வரவில்லை.

நான் முன்பு சொன்ன அந்த ஒரு இடம் இதுதான். மேஸ்திரி "எறங்குங்கடா" என்று வாய்விட்டு அதட்டினார் என்று எதிர்வீட்டு அண்ணன் போலீஸில் சொல்லியிருந்தார். அப்பாவோ, மேஸ்திரி காலால் காட்டினார், வாயைத் திறந்து "எறங்கு" என்று சொல்லவில்லை என்று சொல்லியிருந்தார்.

"ஒரே ஒரு வார்த்தைங்க" என்றார் யூனியன்காரர். "கால்ல காட்டுனதுக்கும் வாயால சொன்னதுக்கும் உங்களுக்கு எனக்கு வித்தியாசம் கெடையாது. கோர்ட்டுக்கு உண்டு. எறங்குன்னு சொன்னாருன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"அவன் சொல்லல."

"அர்த்தம் அதுதானங்க?"

"அர்த்தம் அதான். சொல்லல."

வாசற்படியிலிருந்து அண்ணன் கேட்டார், "அப்ப நான் பொய் சொல்றேன்ற?"

"ஆமா" என்றார் அப்பா.

அவர்கள் போன பிறகு அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். தம்பி செத்த நாளிலிருந்து அவள் அப்பாவுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று பேசினாள்.

"எந்தம்பி பொண்டாட்டிக்காவ சொல்லு. அந்தப் புள்ளைங்களுக்காவ சொல்லு. ஒரு வார்த்த."

"சொன்னான்னா நான் சொல்லுவேன்."

அம்மா தரையில் விழுந்து அவர் காலைப் பிடித்தாள். யார் காலிலும் விழாத மனிதருக்குத் தன் காலில் ஒருவர் விழுவதும் பொறுக்கவில்லை. வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். அம்மாவின் நெற்றி தரையில் இடித்தது. அவர் அதைப் பார்த்தார். குனியவில்லை.

நான் அவரிடம் கத்தினேன். "யாருக்காவது ஒரே ஒரு வாட்டி அடங்கிப் போனா உன் உசுரா பூடும்?"

"மேஸ்திரி வந்து இன்னா பேசணும்னு சொல்லிக் குடுக்கறான். இவன் வந்து இன்னா பேசணும்னு சொல்லிக் குடுக்கறான். இப்ப நீயும்."

அவ்வளவுதான் சொன்னார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா நெற்றியில் எழும்பிய வீக்கத்தில் நான் மஞ்சள் பூசினேன். "உங்கப்பன் நல்ல மனுஷனா இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். அப்படியொரு குரோதத்தோடு யாரும் யாரையும் நல்ல மனுஷன் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கோர்ட்டுக்கு நானும் போனேன். அம்மா அத்தையோடு ஒரு பெஞ்சில், நான் தனியாக வேறொரு பெஞ்சில். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கூண்டில் ஏறியதும் கையைக் கட்டச் சொன்னார்கள் என்று நினைக்கிறேன், அவர் கட்டவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கம்பெனி வக்கீல் மெதுவாகப் பேசும் மனிதர். அவர் அப்பாவை அதட்டியிருந்தால் ஏதாவது நடந்திருக்கும். அவர் அதட்டவே இல்லை.

"மேஸ்திரி உங்களை இறங்கு என்று சொன்னாரா?"

"கால்ல காட்டுனாரு."

"வாயால் சொன்னாரா?"

"இல்ல."

"நாற்காலியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். கால் மரத்துப்போய் நீட்டியிருக்கலாம் இல்லையா?"

யாரோ சிரித்தார்கள். அப்பா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இல்ல. காட்டுனாரு."

"சரி. நீங்கள் மாட்டேன் என்றீர்கள். உங்களை அடித்தாரா? வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்றாரா?"

"இல்ல."

"உங்கள் மைத்துனரிடம் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. பாத்தாரு."

"பார்த்தார். அவர், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சிரித்துக்கொண்டே இறங்கினார். சரியா?"

"சரி. ஆனா..."

"ஆனா எல்லாம் வேண்டாம். சரியா, இல்லையா?"

"மொத ஆளு மாட்டேன்னு சொல்லிடலாம் சார்" என்றார் அப்பா. என் வாழ்நாளில் அவர் ஒரேயடியாகப் பேசிய நீளமான பேச்சு அது. "ரெண்டாவது ஆளு சொல்ல முடியாது. நான் சொன்னதுக்கு வந்த கோவம் அவன் எதிர்ல நிக்கிது. அவனும் மாட்டேன்னா அது சண்ட. அவன் சண்ட போடற ஆளு இல்ல. அதனாலதான் எறங்குனான். மேஸ்திரிக்கு அது தெரியும். தெரிஞ்சிதான் அவனப் பாத்தாரு."

நீதிபதி நிமிர்ந்து, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்படி சொன்னார். வக்கீல் மறுபடியும் கேட்டார், "சரியா, இல்லையா?"

"சரி" என்றார் அப்பா. எழுதப்பட்டது அது மட்டும்தான்.

பிறகு அரசு வக்கீல் எழுந்தார். வழக்கைக் காப்பாற்றக் கடைசியாக ஒரு கயிறு வீசிப் பார்த்தார். "தொட்டியில் விஷவாயு இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தானே மாட்டேன் என்றீர்கள்? மேஸ்திரியிடம் அதைச் சொன்னீர்கள், இல்லையா?"

அத்தை பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டாள். ஆமாம் என்றால் போதும். அதற்குச் சாட்சி வேண்டாம், மறுக்கவும் மேஸ்திரியைத் தவிர ஆளில்லை.

"வாயு கீயு எல்லாம் எனக்குத் தெரியாது" என்றார் அப்பா. "அதுக்கு முன்னாடி எத்தினியோ வாட்டி எறங்கியிருக்கேன்."

"பிறகு ஏன் அன்று மாட்டேன் என்றீர்கள்?"

"கால்ல காட்டுனான். எனக்குப் புடிக்கல."

இந்த முறை நிறையப் பேர் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். எதிர்வீட்டு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார். அம்மா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மிருகத்தைக் கூண்டுக்கு வெளியிலிருந்து பார்ப்பது போல அந்தப் பார்வை இருந்தது.

மேஸ்திரி விடுதலையானார். எதிர்வீட்டு அண்ணன் சொன்னது நம்பும்படியாக இல்லை என்று தீர்ப்பில் இருந்தது. கூடவே நின்ற இன்னொரு சாட்சியே அதை மறுத்துவிட்டார் என்று காரணம் சொல்லியிருந்தார்கள். கம்பெனி சட்டப்படி தர வேண்டியதைத் தந்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டது. இப்போது அங்கே தொட்டியில் இறங்க வடக்கிலிருந்து பையன்களைக் கூட்டி வருகிறார்களாம். ஆம்பூர் ஆட்கள் முன்போலப் பேச்சுக் கேட்பதில்லை என்று அந்த மேஸ்திரியே டீக்கடையில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அப்படிக் கேட்காத ஆட்களை நான் இன்னும் பார்க்கவில்லை.

தீர்ப்பு வந்த வாரமே அத்தை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிகொண்டாவில் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். அவளோடு அம்மாவும் போனாள். சண்டை போடவில்லை. துணிகளை ஒரு பையில் வைத்துக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு, அப்பா குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் கிளம்பினாள். என்னை வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பார்த்தார். "போய்ட்டாளா?" என்று கேட்டார். "போய்ட்டாங்க" என்றேன். சோற்றைத் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

நான் இப்போது ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னால் போகிறேன். நிற்கச் சொன்னால் நிற்கிறேன். மேனேஜர் எங்களைக் கூப்பிடக் கையைத் தட்டுவார், நாயைக் கூப்பிடுவது போல. எல்லோருக்கும் முன்னால் போய் நிற்பவள் நான்தான். நல்ல பெண் என்று பேர். என் அப்பாவின் கதையைக் கேட்ட ஒரு தோழி, "உங்க அப்பா மாதிரி தைரியம் யாருக்கு வரும்!" என்றாள். அநியாயத்தை எதிர்க்கிறவர்களுக்கு அநியாயம் எதுவென்று தெரிந்திருக்கும், அவர்கள் நெஞ்சில் ஏதோ ஒரு கொள்கை இருக்கும் என்று அவள் நினைக்கிறாள்.

நானும் அப்படி நினைக்க ஆசைப்பட்டு ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன். மத்தியான நேரம். அவர் வாசலில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தாளு கால்ல காட்டாம, கையால காட்டியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

யோசிக்கவே இல்லை. "எறங்கியிருப்பேன்."

செத்திருப்பார். மாமா ஓடிப்போய் இறங்கி அவரும் செத்திருப்பார், அவர் அப்படிப்பட்டவர். தடுத்து மேலே உட்கார ஆள் இருந்திருக்காது. மற்ற இருவரும் இறங்கியிருப்பார்கள். நாலு பேரும் போயிருப்பார்கள். ஒரு திமிர் பிடித்த மனிதரின் ரோஷத்தால் இரண்டு பேர் மிஞ்சினார்கள். அவரிடம் இருந்தது அறிவில்லை, அன்பில்லை, கொள்கையும் இல்லை. தன் மேல் ஒரு கால் நீள்வதைப் பொறுக்காத உடம்பு மட்டும் இருந்தது. அது எங்கிருந்து வருகிறது, ஏன் சிலருக்கு மட்டும் வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதே உடம்புதான் அம்மா நெற்றி இடிந்தபோது குனியாமல் நின்றது. இதை எடுத்துக்கொண்டு அதை விட்டுவிட முடியுமா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். முடியவில்லை.

பிற்பாடு எதிர்வீட்டு அண்ணனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. காது குத்துக்குத் தெருவையே கூப்பிட்டார்கள், எங்களைத் தவிர. பந்தல் எங்கள் வாசலையும் மறைத்துத்தான் போட்டிருந்தார்கள். அன்று முழுக்க அப்பா பந்தல் துணியைத் தலையால் முட்டித் தூக்கிக்கொண்டு வெளியே போனார், வந்தார். குழந்தை கத்தும்போது மட்டும் கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

போன மாதம் அவருக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார்கள். நான் பள்ளிகொண்டாவுக்குப் போனேன். அம்மா அத்தை வீட்டுப் பின்பக்கம் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்தில் நான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போம்மா."

அவள் கிரைண்டரை நிறுத்தினாள். கையில் ஒட்டியிருந்த மாவை வழித்துப் போட்டாள்.

"அவரு அன்னிக்கு எறங்கியிருந்தார்னா, நான் நிம்மதியா அழுதிருப்பேன்" என்றாள். "ஊரே வந்து என்னக் கட்டிப் புடிச்சி அழுதிருக்கும். அவரு படத்துக்கு மால போட்டுக்கினு, நல்ல மனுஷன்னு சொல்லிக்கினு இருந்திருப்பேன். இப்ப நான் யாரு? தாலியும் அறுக்கல, வாழவும் இல்ல."

"மாமாவும் போயிருப்பாரும்மா. பின்னாடியே எறங்கியிருப்பாரு."

"போயிருப்பான்" என்றாள். "அக்கா புருஷனக் காப்பாத்தப் போனான்னு பேரு இருந்திருக்கும். யாரையும் வெறுக்க வேண்டியிருந்திருக்காது."

மறுபடியும் கிரைண்டரைப் போட்டாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். அத்தை தோசை ஊற்றிப் போட்டாள். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று அவளும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு ஹைவேயில் நின்று ஆம்பூர் பஸ் ஏறினேன்.

வார்டில் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நர்ஸ் நேராகப் படுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் திரும்பவில்லை.

"அவ இன்னா சொன்னா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.